இரட்டைப் பிணைப்பு வலுவானது என்றால் எத்திலீன் ஏன் இவ்வளவு சுலபமாக வினைபுரிகிறது?

பிளஸ் 1, காவேரிப்பட்டணம்:
கார்பன்-கார்பன் ஒற்றைப் பிணைப்பை உடைக்க மோலுக்கு 347 கிலோஜூல், இரட்டைப் பிணைப்புக்கு 614, முப்பிணைப்புக்கு 839 என்று நோட்டில் இருக்கிறது. அப்படிப் பார்த்தால் ஒற்றைப் பிணைப்பு உள்ள ஈத்தேன்தான் முதலில் உடைய வேண்டும். ஆனால் புரோமினின் நிறத்தைப் போக்குவது எத்திலீன், நம்ம ஊரில் மாங்காய் பழுக்க விடுகிற அதே வாயு. ஈத்தேன் சும்மா இருக்கிறது. எப்படி? திங்கட்கிழமை டெஸ்ட்.

ஓசூர் காலேஜ்:
பை பிணைப்புதான் காரணம். அவ்வளவுதான்.

பிளஸ் 1, காவேரிப்பட்டணம்:
அண்ணா, இது 5 மார்க் கேள்வி.

டியூஷன் சார், தருமபுரி:
எண்கள் சரிதான் தம்பி. 614 என்பது இரண்டு கார்பனையும் முழுசாகப் பிரித்துவிட ஆகும் செலவு. புரோமின் அவ்வளவு தூரம் போவதே இல்லை. இரட்டைப் பிணைப்பில் ஒன்று சிக்மா, ஒன்று பை. சிக்மா அப்படியே நிற்கும், பை மட்டும்தான் போகும்.

கணக்கு போடு. 614-இல் 347 போனால் பை பிணைப்புக்கு 267 (தோராயம்தான், டெஸ்டுக்குப் போதும்). புரோமின்-புரோமின் பிணைப்பை உடைக்க 193. செலவு 460. புதிதாக இரண்டு கார்பன்-புரோமின் பிணைப்பு உண்டாகிறது, ஒன்றுக்கு 285 வீதம் வரவு 570. மிச்சம் 110 கிலோஜூல் வெப்பமாக வெளியேறுகிறது.

இதோடு நிறுத்திவிடாதே, நிறைய கைடுகள் இங்கேயே நிறுத்திவிடுகின்றன. ஈத்தேனில் ஒரு ஹைட்ரஜனை எடுத்துவிட்டு புரோமினை வைத்தாலும் கொஞ்சம் வெப்பம் வெளியேறத்தான் செய்யும். ஆனால் வினை தொடங்க வழி இல்லை. சிக்மா எலக்ட்ரான்கள் இரண்டு அணுக்கருக்களுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கின்றன. பை எலக்ட்ரான்கள் மூலக்கூறின் தளத்துக்கு மேலும் கீழும் திறந்தவெளியில் பரவியிருக்கின்றன, புரோமின் நேராக அங்கே வந்து சேரும். ஈத்தேனுக்கு வெளிச்சம் பட்டு புரோமின் மூலக்கூறு அணுக்களாகப் பிரிந்தால்தான் வேலை நடக்கும்.

வெல்டிங் பட்டறை, ஓசூர்:
சார், அசிட்டிலீனில் முப்பிணைப்பு, 839 என்கிறீர்கள். அவ்வளவு வலுவான கேஸை ஏன் டி.ஏ. (கரைத்த அசிட்டிலீன்) சிலிண்டரில் அசிட்டோனில் கரைத்து வைக்கிறார்கள்? ஆக்சிஜனை மட்டும் வெறும் சிலிண்டரில் அழுத்தி அடைக்கிறார்களே.

டியூஷன் சார், தருமபுரி:
நல்ல கேள்விங்க. அதிலும் ஒரு சிக்மாவும் இரண்டு பையும்தான். அசிட்டிலீன் கார்பனாகவும் ஹைட்ரஜனாகவும் பிரிந்தால் மோலுக்கு ஏறக்குறைய 227 கிலோஜூல் வெளியே வரும், அதற்குக் காற்றுகூட வேண்டாம். அதிக அழுத்தத்தில் தனியாக அடைத்தால் தானே சிதைந்து வெடிக்கும். அதனால்தான் உள்ளே நுண்துளைப் பொருளை நிரப்பி, அதில் அசிட்டோனை ஊறவைத்து, கேஸைக் கரைக்கிறார்கள். சிலிண்டரைப் படுக்கப்போட்டு வேலை செய்யாதீர்கள், அசிட்டோன் குழாயில் வந்துவிடும்.

பிளஸ் 1, காவேரிப்பட்டணம்:
நன்றி சார். வெளிச்சம் விஷயத்தையும் டெஸ்டில் எழுதலாமா?

டியூஷன் சார், தருமபுரி:
எழுது. ஆனால் கணக்கும் சிக்மா, பை படமும் முதலில் வரட்டும்.