முக்திநாத் போகும் அம்மாவுக்கு எந்தக் கூலிங் கிளாஸ்?

வெள்ளவத்தைக்காரி:
வணக்கம். அடுத்த மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு நேபாளத்து முக்திநாத் கோயிலுக்குப் போகிறோம். பொக்காராவில் இருந்து ஜோம்சோமுக்குச் சின்ன விமானம், அங்கிருந்து ஜீப். தம்பி மட்டும் மனாங் பக்கமாக நடந்து, தொரோங் லா கணவாயைத் தாண்டி வந்து எங்களை முக்திநாத்தில் சந்திப்பானாம். அம்மாவுக்கு 66 வயது, வலது கண்ணில் போன வருடம்தான் கண்புரை எடுத்து லென்ஸ் வைத்தார்கள், பவர் கண்ணாடியும் போடுகிறவர். நேற்றுப் புறக்கோட்டை நடைபாதையில் 900 ரூபாவுக்கு நல்ல கறுப்பாக ஒன்று வாங்கினேன், 'யூவி 400' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது, வெயிலின் யூவி கதிரைத் தடுக்குமாம். பிறகு காலி வீதியில் ஒரு கடையில் கேட்டால், போலரைஸ்ட் இல்லாமல் மலைக்குப் போகவே கூடாது என்று 28,000 சொல்கிறார்கள். யாரை நம்புவது? கொழும்பு வெயிலையே தாங்குகிற கண்ணுக்கு அந்தக் குளிர் ஊரில் என்ன வரப்போகிறது என்று அம்மா வேறு கேட்கிறார்.

கண்ணாடிக்கடைப் பொடியன்:
அம்மா கேட்பது நியாயம்தான். கொழும்பில் உச்சி வெயிலுக்கு, யூவியின் கடுமையைச் சொல்லும் சுட்டெண் 11ஐத் தாண்டுவது சாதாரணம். ஆனால் இங்கே அந்த வெயில் தலைக்கு மேலே நிற்கிறது, புருவமும் இமையும் மறைத்துவிடும். அங்கே நிலத்தில் இருந்தும் அடிக்கும், புதுப் பனி யூவியில் 80 வீதம் வரைக்கும் திருப்பி அனுப்பும். உயரம் 1,000 மீற்றர் கூடக்கூட யூவியும் ஏறக்குறைய 10 வீதம் கூடும். நம் நாட்டின் உயர்ந்த மலை பீதுருதாலகாலையே 2,524 மீற்றர்தான், முக்திநாத் 3,700ஐத் தாண்டும், தம்பியின் கணவாய் 5,416.

கறுப்பைப் பார்த்து வாங்காதீர்கள், கறுப்புக்கும் யூவிக்கும் சம்பந்தமில்லை. பள்ளிக்கூடத்தில் யூவியைத்தான் கழியூதாக் கதிர் என்று படித்தோமே, அதைத் தடுப்பது லென்ஸின் பொருளும் பூச்சும். யூவியைத் தடுக்காத கறுப்புக் கண்ணாடி வெறும் கண்ணைவிட மோசம், இருட்டில் கண்மணி விரிந்து கதிரை இன்னும் தாராளமாக உள்ளே விடும். போலரைஸ்ட் என்பதும் வேறு விஷயம், தண்ணீரிலும் ரோட்டிலும் பளபளப்பைக் குறைக்கும், அவ்வளவுதான். இருந்தால் நல்லது, கட்டாயமில்லை. போனைப் பார்க்கும்போது திரை இருண்டு போகும், அது ஒரு தொல்லை.

நீங்கள் பார்க்க வேண்டியது காதில் மாட்டுகிற கையின் உட்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிற கேட்டகரி எண். 3 என்றால் வெளிச்சத்தில் 8 முதல் 18 வீதம் உள்ளே வரும், அம்மாவுக்கு அது போதும். 4 என்றால் 3 முதல் 8 வீதம்தான், பனியில் நடக்கிற தம்பிக்கு அது, ஆனால் அதைப் போட்டுக்கொண்டு வாகனம் ஓட்டக்கூடாது. அம்மாவின் கண்ணுக்குள் வைத்த லென்ஸ் பெரும்பாலும் யூவியைத் தடுக்கிற வகைதான், அது விழித்திரைக்கு மட்டும். கருவிழி வெளியேதானே இருக்கிறது. புறக்கோட்டைக் கண்ணாடியை எறியாதீர்கள், யூவி மீட்டர் இருக்கிற கடைக்குக் கொண்டுபோய்ச் சோதியுங்கள், ஒரு நிமிட வேலை.

மலைப்பைத்தியம்:
தம்பிக்கு என் கதையைச் சொல்லுங்கள். தொரோங் லா ஏறுகிற அன்று மூடுபனி, வெயிலே இல்லை, கண்ணாடியில் ஆவி படிந்துகொண்டே இருந்தது, எரிச்சலில் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டேன். நடக்கும்போது ஒன்றும் தெரியவில்லை. இரவு லொட்ஜில் படுத்த பிறகுதான் தொடங்கியது, இரண்டு கண்ணிலும் மணலை அள்ளிப் போட்டு இமையை மூடின மாதிரி, தண்ணீர் கொட்டுகிறது, பக்கத்துக் கட்டிலில் ஒருவர் டோர்ச் அடித்தால்கூடத் தாங்க முடியவில்லை. கருவிழியின் மேல்தோல் யூவியில் வெந்துபோவதுதான் இது, பனிக்குருடு என்பார்கள். கசக்காமல், ஈரத்துணி போட்டுக்கொண்டு இருட்டில் ஒன்றரை நாள் கிடந்தேன், சரியாகிவிட்டது. மேகமும் யூவியை விடும் என்பது அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது. தம்பியைப் பக்கவாட்டில் மறைப்பு உள்ள கண்ணாடியாக எடுக்கச் சொல்லுங்கள், இன்னொன்று உபரியாகவும் இருக்கட்டும். காத்மாண்டுவின் தமேல் கடைத்தெருவில் வாங்கலாம் என்று நினைத்தால் வேண்டாம், பெயர்போன பிராண்டின் போலிகள்தான் அங்கே குவிந்து கிடக்கும்.

சாந்தியக்கா:
தங்கச்சி, நான் மாமியோடு முக்திநாத் போய் வந்தவள். வெயிலை விடுங்கள், ஜோம்சோம் காற்றுத்தான் எமன்! முற்பகல் 11 மணிக்கு மேல் காளிகண்டகிப் பள்ளத்தாக்கில் தூசியை வாரிக்கொண்டு அடிக்கும், அதனால்தான் விமானமெல்லாம் காலையிலேயே. மாமியும் பவர் கண்ணாடிதான், அதற்கு மேலேயே போடுகிற பெரிய கண்ணாடி ஒன்று எடுத்துக் கொடுத்தோம், மேலும் பக்கமும் மூடியிருந்ததால் தூசியும் வரவில்லை. வெயிலில் தானாகக் கறுக்கும் லென்ஸ் என்று விற்க வருவார்கள், ஜீப்புக்குள் அது சரியாகக் கறுக்காது, அது கறுப்பதே யூவி பட்டுத்தான், ஜீப்பின் முன்கண்ணாடியே யூவியைத் தடுத்துவிடும். பிறகு, கழுத்தில் தொங்கவிட ஒரு கயிறு கட்டாயம். கோயிலில் 108 நீர்த்தாரையிலும் குளிக்கும்போது மாமி கழற்றிச் சுவரில் வைத்தார், திரும்பி வந்தால் இல்லை.

வெள்ளவத்தைக்காரி:
எல்லோருக்கும் நன்றி. இன்று மீட்டரில் வைத்துப் பார்த்தோம், நம்பமாட்டீர்கள், அந்த 900 ரூபாக் கண்ணாடி யூவியில் பாஸ்! ஆனால் அம்மாவுக்கு மாட்டிவிட்டுப் பக்கத்தில் நின்று பார்த்தால் கன்னத்துக்கும் பிரேமுக்கும் நடுவில் என் சின்னவிரல் போகிற இடைவெளி, போதாததற்கு இடது லென்ஸ் வழியாக யன்னல் கம்பி வளைந்து தெரிகிறது. அது எனக்கு, கோல்பேஸ் கடற்கரையில் நடக்க. அம்மாவுக்குக் கண்ணாடிக்கு மேல் போடுகிற கேட்டகரி 3 ஒன்று, கயிறோடு 6,500க்கு எடுத்தாயிற்று. தம்பி 4 தேடுகிறான், இங்கே இரண்டு கடையில் இல்லை என்றுவிட்டார்கள். அம்மா போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று, 'எம்ஜிஆர் மாதிரி இருக்கே' என்றார். இனி வெள்ளைத் தொப்பி ஒன்றும் வேண்டுமாம்.