நிக்ஸ்டமலைசேஷன்: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு,

வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கட்டுரையை மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பாவுக்குப் போன பயிர்கள் பற்றியது. மக்காச்சோளத்தில் நிற்கிறேன். மெக்சிகோவில் அதைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, தோல் போகக் கழுவி அரைப்பார்கள். அப்போதுதான் அதில் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்ற பி வைட்டமின் உடம்பில் சேரும். ஐரோப்பாவுக்கு விதை போனது, பக்குவம் போகவில்லை. மக்காச்சோளக் களியையே நம்பியிருந்த ஏழைகளுக்கு, நியாசின் குறைவால் வரும் பெலக்ரா நோய் வந்தது. ஸ்பெயினின் அஸ்துரியாஸில் மருத்துவர் காஸ்பர் கசால் 1735இலேயே இந்த நோயைக் கண்டு எழுதினார். ஆங்கிலத்தில் நிக்ஸ்டமலைசேஷன் எனும் இந்தப் பக்குவத்துக்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும்.

-----

அம்மா,

'சுண்ணப்புழுக்கல்' எனலாம். பெரும்பாணாற்றுப்படையில் 'அவரை வான் புழுக்கு' வருகிறதே! புழுங்கு, புழுக்கம், மனப்புழுக்கம் எல்லாம் ஒரே வேர். வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கும் வெப்பம். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலிருக்கும் தயமின் என்ற இன்னொரு பி வைட்டமின் அரிசிக்குள் இறங்குகிறது. தயமின் குறைவால் வரும் பெரிபெரி நோயைப் புழுங்கலரிசி தடுத்தது அப்படித்தான். இங்கும் சத்துதான் விஷயம். இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

-----

ஐயா,

புழுக்கல் சரி, சுண்ணம் வேண்டாம். பழந்தமிழில் சுண்ணம் நறுமணப் பொடி. திருவாசகத்துப் பொற்சுண்ணத்தை மறக்கலாமா? நிக்ஸ்டமல் மெக்சிகோவின் நாவாட் மொழியிலிருந்து வந்த சொல். அதில் 'நெஷ்ட்லி' என்றால் சாம்பல், 'தமல்லி' என்றால் வேகவைத்த மாவுப் பண்டம். மரச்சாம்பல் நீரிலும் இதைச் செய்தார்கள். வேதியியலில் இரண்டும் காரம்தான், அதாவது அமிலத்துக்கு எதிரானது. ஆகவே 'காரப்புழுக்கல்'.

-----

ஐயா, வணக்கம்.

நான் பள்ளியில் பாடம் நடத்துகிறவள். காரம் என்றதும் பிள்ளைகளுக்கு மிளகாய்தான் நினைவுக்கு வரும். மிளகாயும் அதே கண்டத்திலிருந்து வந்ததுதான். தெரிந்த மிளகை வைத்துத் தெரியாத காய்க்குப் பெயரிட்டோம். இத்தாலியர்கள் மக்காச்சோளத்தைத் 'துருக்கித் தானியம்' என்றார்கள். விளைவித்தவர்களின் பெயர் இப்படித்தான் தொலைகிறது. பக்குவத்தைத்தான் ஐரோப்பியர்கள் விட்டுவிட்டுப் போனார்கள், அதன் பெயரையாவது நாம் காப்பாற்ற வேண்டாமா? 'நிக்ஸ்டமல் முறை' என்றே எழுதுங்கள்.

-----

அம்மா,

உங்கள் நியாயம் புரிகிறது. ஆனால் 'ஸ்ட' தமிழில் எப்படி நிற்கும்? 'நிச்சுதமல்' என்றாவது எழுதலாம்.

-----

நிச்சுதமல் என்று எழுதினால் நாவாட்காரருக்கும் புரியாது, நமக்கும் புரியாது. படித்ததும் செய்முறை கண்ணில் தெரிய வேண்டும். சுண்ணத்தை விட்டுவிடுகிறேன், 'சுண்ணாம்புப் புழுக்கல்' ஆகட்டும்.

-----

அனைவருக்கும் நன்றி. நாளை வெள்ளி. 'சுண்ணாம்புப் புழுக்கல்' படித்ததும் புரிவதால் அதையே வைக்கிறேன். முதல் இடத்தில் மட்டும் 'நாவாட் மக்கள் நிக்ஸ்டமல் என்று அழைத்த' என்று சேர்த்திருக்கிறேன்.

-----

வையுங்கள் அம்மா, அவசரம் தெரிகிறது. ஆனால் சாம்பலில் புழுக்கியவர்கள் இந்தச் சொல்லுக்குள் வரவில்லை. காரப்புழுக்கலை நான் விடவில்லை. பிள்ளைகளுக்குக் காரத்தின் இரண்டாம் பொருளை வேதியியல் வகுப்பில் எப்படியும் சொல்லித்தானே ஆக வேண்டும்?