பள்ளி விளையாட்டுகளைப் படமெடுக்க எந்த லென்ஸ்? மைதானத்துக்கும் கூடத்துக்கும் ஒன்றே போதுமா?

மலர்க்குழு ஆசிரியை (பெரம்பூர்):

வணக்கம். வடசென்னையில் உள்ள ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாகப் பணிபுரிகிறேன். ஆண்டு மலரின் பொறுப்பும் என்னிடமே இருக்கிறது. பழைய மலர்களைப் புரட்டிப் பார்த்தபோது, விளையாட்டுப் பக்கங்களில் பரிசு வழங்கும் விருந்தினர்களின் முகங்கள் பளிச்சென்றும், ஓடி விழுந்து எழுந்த மாணவியர் எறும்பளவிலும் இருப்பதைக் கண்டு மிகவும் வருந்தினேன். இந்த ஆண்டு, விளையாடிய ஒவ்வொரு மாணவியும் தன் முகத்தைத் தானே அடையாளம் கண்டுகொள்ளும்படியான படங்களை அச்சிட வேண்டும் என்பது என் விருப்பம்.

பள்ளியில் நிக்கான் டி5600 கேமராவும் அதனுடன் வந்த 18-55 லென்ஸும் உள்ளன. லென்ஸ் வாங்குவதற்காக முன்னாள் மாணவியர் 35,000 ரூபாய் திரட்டித் தந்திருக்கிறார்கள். டிசம்பரில் விளையாட்டு விழா நடைபெறும். பெரும்பாலும் ஓட்டப் பந்தயங்கள், நீளம் தாண்டுதல், கோ-கோ. எங்கள் கபடி அணி மட்டும் மாலை ஆறு மணிக்கு மேல், எல்.இ.டி. குழல்விளக்குகள் எரியும் கூடத்தில் பாய் விரித்து விளையாடுகிறது. ஒரு கடையில் 70-300 லென்ஸைக் காட்டினார்கள். மற்றொரு கடையில், பயன்படுத்திய 80-200 எஃப்/2.8 லென்ஸ் ஒன்றைக் காட்டி, விளையாட்டுக்கென்றே செய்யப்பட்டது இதுதான் என்று வற்புறுத்தினார்கள். எதை வாங்குவது?

ஒளிப்பொறி (அடையாறு):

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். முதலில் அந்த 80-200 லென்ஸைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்; பணம் கைமாறிய பிறகு சொல்லிப் பயனில்லை. அது தரமான லென்ஸ்தான். ஆனால் அதன் பெயரில் 'ஏஎஃப்-எஸ்' என்று இல்லாமல் வெறும் 'ஏஎஃப்' (தானியங்கி ஃபோகஸ்) என்று மட்டும் பொறித்திருந்தால், அதற்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. கேமராவின் உடலில் இருக்கும் மோட்டார்தான் அதைச் சுழற்ற வேண்டும். டி7200, டி7500 போன்ற கேமராக்களில் அந்த மோட்டார் உண்டு, டி5600-இல் இல்லை. ஆகவே உங்கள் கையில் அது வளையத்தைத் திருகித் திருகி ஃபோகஸ் செய்ய வேண்டிய லென்ஸாகிவிடும். பல ஆண்டுகளுக்கு முன் இப்படி மோட்டார் இல்லாத ஒன்றை வாங்கிக்கொண்டு போய், என் மகன் ஓடிய ஓட்டப் பந்தயம் முழுவதையும் மங்கலாகவே எடுத்துத் திரும்பினேன். அவன் அதற்குப் பிறகு ஓடவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

70-300 போன்ற எண்கள் லென்ஸின் குவியத் தொலைவை மி.மீ. கணக்கில் சொல்பவை; எண் கூடக் கூடத் தொலைவில் உள்ளது பெரிதாகத் தெரியும். அதில் எத்தனை மி.மீ. தேவை என்பதற்கு நான் கைக்கொள்ளும் கணக்கு ஒன்று உண்டு. டி5600 அளவு சென்சார் (படம் பதியும் சில்லு) உள்ள கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால், ஒன்றரை மீட்டர் உயரமுள்ள பிள்ளை படத்தின் உயரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை நிறைப்பதற்கு, எத்தனை மீட்டர் தொலைவோ அதன் பத்து மடங்கு மி.மீ. வேண்டும், 20 மீட்டருக்கு 200, 30 மீட்டருக்கு 300. அதற்கும் அப்பால் உள்ளதை எடுக்க முயல வேண்டாம். நண்பகல் வேளையில் சென்னை மைதானத்து மண்ணிலிருந்து எழும் கானல், தொலைவில் உள்ள முகத்தை அலையலையாகக் கலைத்துவிடும். எந்த விலை லென்ஸாலும் அதைத் தடுக்க முடியாது. மேலும், உங்கள் கேமரா 24 மெகாபிக்சல் தருவதால், அரைப் பக்கப் படத்துக்கு அகலத்தில் பாதியை வெட்டி எடுத்தாலும் அச்சில் குறை தெரியாது.

அடுத்தது வெளிச்சம். ஓடுபவரை உறையவைக்க 1/1000 வினாடி ஷட்டர் வேகம் வேண்டும். நல்ல வெயிலில் எஃப்/6.3 அப்பர்ச்சரோடும் (ஒளியை உள்ளே விடும் திறப்பு; எண் குறையக் குறையத் திறப்பு பெரிது) ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு அளவு) 200-க்குள் அது கிடைத்துவிடும். மேகமூட்டமாக இருந்தால் 800, 1000 வரை ஏற்றலாம். டிசம்பரில் சென்னையில் ஐந்தே முக்கால் மணிவாக்கில் சூரியன் மறைந்துவிடுவதால், முக்கியமான இறுதி ஓட்டங்களை ஐந்து மணிக்குள் நடத்தும்படி உடற்கல்வி ஆசிரியரிடம் இப்போதே கேட்டுவையுங்கள். இவ்வளவுக்கும் ஏஎஃப்-பி 70-300 போதும்; அதற்குள்ளும் மோட்டார் உண்டு. விஆர் என்ற எழுத்துகள் உள்ள வகையாகப் பார்த்து வாங்குங்கள். ஆனால் அது உங்கள் கை நடுக்கத்தை மட்டுமே தணிக்கும், ஓடுகிற பிள்ளையின் அசைவை அல்ல.

கூடத்தில் நிலைமை முற்றிலும் வேறு. 300-இல் 70-300 திறக்கக்கூடிய எஃப்/6.3-ஐ விட எஃப்/2.8 ஐந்து மடங்கு ஒளியையும், எஃப்/1.8 பன்னிரண்டு மடங்கு ஒளியையும் உள்ளே விடும். சுமாரான விளக்குகள் உள்ள கூடத்தில் எஃப்/2.8 வைத்து 1/500 வினாடியில் எடுக்கவே ஐஎஸ்ஓ 3200 தேவைப்படும். அதே படத்தை 70-300 கொண்டு எடுத்தால் 16,000-ஐத் தொட வேண்டியிருக்கும், முகம் மணல் தூவியது போலாகிவிடும். எனவே கூடத்துக்கு ஏஎஃப்-எஸ் 85 எஃப்/1.8 வாங்கலாம் என்பது என் கருத்து. ஃபிளாஷ் மட்டும் வேண்டாம். பாய்ந்து வரும் பிள்ளையின் கண் கூசினால் அடிபட்டுவிடும்.

நடுக்கோடு (இராயபுரம்):

ஒளிப்பொறி ஐயா கூறிய அனைத்தையும் ஏற்கிறேன், 85 ஒன்றைத் தவிர. நான் பதினைந்து ஆண்டுகள் கபடி ஆடியவன். இப்போது பிள்ளைகளுக்குப் பயிற்சி அளிக்கிறேன். பெண்கள் ஆடுகளத்தின் நீளம் 12 மீட்டர், அகலம் 8 மீட்டர். அதாவது ஒரு பக்கம் 6 மீட்டர்தான். ரெய்டரின் (பாடிச் செல்பவரின்) முகம் தெரிய வேண்டுமானால், பிடிக்கும் அணியின் பின்கோட்டுக்கு வெளியே, மூலையில் தரையில் அமர வேண்டும். ரெய்டர் நடுக்கோட்டைத் தாண்டி 3 மீட்டர் உள்ளே வந்துவிட்டால், நீங்கள் கோட்டிலிருந்து 2 மீட்டர் தள்ளி அமர்ந்திருந்தாலும், உங்களுக்கும் அவருக்கும் இடையே 5 மீட்டர்தான் இருக்கும். ஐயாவின் கணக்குப்படியே பார்த்தால் அதற்கு 50 போதும்; 85 வைத்தால் ரெய்டர் சட்டகத்தில் முழுதாக அடங்கமாட்டார், காலைப் பற்றிய கை வெளியே போய்விடும். கபடியில் அந்தக் கைதான் படம்.

இன்னொன்றும் உண்டு. 5 மீட்டரில் 50 லென்ஸை எஃப்/2.8-இல் வைத்தால் ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழத்துக்குத் தெளிவு இருக்கும். ரெய்டரும் அவரைப் பிடிப்பவரும் சேர்ந்தே துலங்குவார்கள். 85-ஐ எஃப்/1.8-இல் திறந்தால் அது ஒரு சாண் அளவுக்குச் சுருங்கிவிடும். 50-இலும் ஏஎஃப்-எஸ் 1.8 ஜி என்பதையே கேட்டு வாங்குங்கள். அதைவிட விலை குறைந்த 1.8 டி-யிலும் மோட்டார் கிடையாது. வாங்குவதற்கு முன், கையில் இருக்கும் 18-55-ஐ 50-இல் நிறுத்தி, ஒரு மாலைப் பயிற்சியின்போது அந்த மூலையில் அமர்ந்து பாருங்கள். படம் இருட்டாக வரும். ஆனால் சட்டகத்துக்குள் யார் அடங்குகிறார்கள் என்பது செலவில்லாமல் தெரிந்துவிடும்.

மலர்க்குழு ஆசிரியை:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை கூடத்தின் மூலையில் அமர்ந்து, 50-இல் வைத்துப் பார்த்தேன். ரெய்டரும் சங்கிலி போட்டு வளைக்கும் இருவரும் முழுமையாக அடங்குகிறார்கள். 80-200 லென்ஸில் 'எஸ்' இல்லை என்பதையும் கடையிலேயே உறுதிசெய்துகொண்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். 70-300 விஆர், 50 ஜி ஆகிய இரண்டையும் பயன்படுத்தியவையாக வாங்க எண்ணுகிறேன். என்னென்ன சோதிக்க வேண்டும்?

ஒளிப்பொறி:

50 பற்றி நடுக்கோடு சொன்னதே சரி. நான் ஆடுகளத்தை மனத்தில் அளந்து பார்க்காமல் எழுதிவிட்டேன்.

நம் ஊரின் ஈரக்காற்றில் லென்ஸுக்கு முதல் பகை பூஞ்சைதான். கைபேசியின் டார்ச்சை ஒரு முனையில் பிடித்து மறுமுனை வழியாகச் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிந்தால் எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். இரண்டொரு தூசு இருப்பதால் பாதகமில்லை. பிறகு உங்கள் கேமராவிலேயே பொருத்தி, கடை வாசலில் நின்று, எதிரே வரும் வண்டிகளைத் தொடர் ஃபோகஸில், ஏஎஃப்-சி முறையில், அடுக்கடுக்காக எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். உங்கள் கேமராவில் ஃபெர்ம்வேரைப் (உள்ளே இயங்கும் மென்பொருளைப்) புதுப்பித்துவைப்பதும் நல்லது.

வாங்கிய பிறகு தோல் பையிலோ இரும்பு அலமாரியிலோ பூட்டிவைக்க வேண்டாம். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, மழைக்காலம் முழுவதும் வாரம் ஒருமுறையாவது வெளியே எடுத்துப் பயன்படுத்துங்கள். கபடிப் பயிற்சிதான் நாள்தோறும் நடக்கிறதே. அந்த மூலையில் இப்போதிருந்தே அமரத் தொடங்கினால், டிசம்பர் வருவதற்குள் பிள்ளைகளும் கேமராவை மறந்து இயல்பாக ஆடுவார்கள்.