கடற்படை வரலாற்றாசிரியரின் தாக்கத்தை அளப்பது எப்படி? (ஆர்தர் மார்டர்)

செம்பவாங் வாசகன் கேட்டது ('அடிக்குறிப்பு', 'ஏட்டுச்சுரைக்காய்' என்ற புனைபெயர்களில் இருவர் பதில் சொல்கிறார்கள்):

ஆர்தர் மார்டரின் (1910–1980) நூல்கள் பின்னால் வந்த ஆய்வாளர்களை எவ்வளவு பாதித்தன என்று 3,000 சொல்லில் ஒரு கட்டுரை எழுத வேண்டும். கூகுள் ஸ்காலரில் ஒரே புத்தகம் நாலைந்து இடத்தில் வருகிறது, ஒவ்வொன்றுக்கும் வேறு எண்ணிக்கை. எதை எடுப்பது? சிங்கப்பூர்க் கடற்படைத் தளம் பற்றியும் ஒரு பகுதி வேண்டும்.

அடிக்குறிப்பு:

அந்த எண் எதையும் நம்பிக் கட்டுரை எழுதாதீர்கள். முதல் உலகப் போர்க் காலப் பிரிட்டிஷ் கடற்படை பற்றி மார்டர் எழுதிய 'ஃப்ரம் த ட்ரெட்நாட் டு ஸ்காப்பா ஃப்ளோ' 5 தொகுதிகள், 1961 முதல் 1970 வரை வந்தவை. ஒருவர் முழு வரிசையையும் ஒன்றாகக் காட்டுவார், இன்னொருவர் 3ஆம் தொகுதியை மட்டும் காட்டுவார், மறுபதிப்பு தனியாக நிற்கும். 1940இல் வந்த முதல் நூல் பிரிட்டனில் வேறு தலைப்பில் வெளியானதால் அதுவும் இரண்டாகப் பிரிந்து கிடக்கும். ஆய்விதழ்களில் வரும் மேற்கோள்களைத் தொகுக்கும் 'ஆர்ட்ஸ் அண்ட் ஹியூமானிட்டிஸ்' மேற்கோள் அட்டவணையோ 1975இலிருந்துதான் தொடங்குகிறது. அறுபதுகளில் வந்த மதிப்புரைகள், சண்டைகள் எல்லாம் அதற்கு வெளியே.

கையால் எண்ணுவதே வழி. பின்னால் வந்த நூல்களில் நான்கை எடுங்கள்: ஜான் சுமிடா (1989), நிக்கலஸ் லாம்பர்ட் (1999), ஜான் புரூக்ஸ் (2005), மேத்யூ செலிக்மன் (2012). மார்டர் வரும் ஒவ்வொரு அடிக்குறிப்பையும் மூன்றில் ஒரு பெட்டியில் போடுங்கள்: தகவலுக்காக, வாதத்துக்குத் துணையாக, மறுப்பதற்காக. நூலின் பின்னால் இருக்கும் பொருளடைவு போதாது, பலவற்றில் அது அடிக்குறிப்புகளைத் தொடாது. பிடிஎஃபில் 'மார்டர்' என்று மட்டும் தேடினாலும் பாதி தப்பிவிடும். அந்த 5 தொகுதிகளை 'எஃப்டிஎஸ்எஃப்' என்று சுருக்கி எழுதுவது இந்தத் துறையில் வழக்கம். 'ஐபிட்' (முன் குறிப்பில் சொன்ன அதே நூல்) என்று வருவதையும் முந்தைய குறிப்போடு சேர்த்து எண்ண வேண்டும்.

முதல் உலகப் போருக்கு முன் பிரிட்டிஷ் கடற்படைக்குத் தலைமை தாங்கிய அட்மிரல் ஃபிஷரின் கடிதங்களை மார்டர் 3 தொகுதிகளாகப் பதிப்பித்தார்; அவற்றை (1952–59) இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதைக் காட்டுபவர் ஃபிஷரைத்தான் மேற்கோள் காட்டுகிறார், மார்டரை அல்ல.

ஏட்டுச்சுரைக்காய்:

கடைசி வரியோடு மட்டும் எனக்கு ஒப்புதல் இல்லை. எந்தக் கடிதத்தைச் சேர்ப்பது, எதை விடுவது என்று முடிவு செய்ததே மார்டர்தான். அவருடைய முடிவுகளைக் கடுமையாக மறுப்பவர்களும் அவர் அச்சேற்றிய கடிதங்களில் இருந்துதான் ஃபிஷரைப் படித்தார்கள். அதைத் தனிப் பத்தியாகவாவது எழுதுங்கள், விட்டுவிடாதீர்கள்.

மறுப்பு கூடினால் தாக்கம் குறைந்தது என்று எழுதுவதுதான் இந்த வகைக் கட்டுரைகளில் அடிக்கடி நடக்கும் தவறு. மார்டரின் கதையில் ஃபிஷரின் சீர்திருத்தங்களுக்குப் பின்னால் ஜெர்மனி நிற்கிறது. சுமிடா வந்து பணத்தையும் பீரங்கிக் குறி பார்க்கும் கருவிகளையும் நடுவில் வைத்தார்: கப்பல் கட்டும் செலவு, ஆர்தர் பொலன் செய்த ஆர்கோ கடிகாரம், அதற்குப் பதில் கடற்படை எடுத்துக்கொண்ட 'டிரேயர் மேசை' என்ற குறி கணக்கிடும் கருவி. லாம்பர்ட் நீர்மூழ்கிகள் பக்கம் திருப்பினார். பிறகு புரூக்ஸ் டிரேயர் மேசைக்காக சுமிடாவோடு மோதினார். செலிக்மன் ஜெர்மன் அச்சுறுத்தலைத் திரும்ப மேடையேற்றினார். இருபது ஆண்டுக்கு மேல் நீண்ட சண்டை, ஆனால் கோடு போட்டுக் கொடுத்தவர் மார்டர்.

இன்னொரு கடற்படை வரலாற்றாசிரியரான ஸ்டீபன் ராஸ்கிலோடு நடந்த பூசலையும் விடாதீர்கள். சர்ச்சில் அட்மிரல்களை நடத்திய விதத்தை ராஸ்கில் குறை சொல்ல, 1972இல் மார்டர் சர்ச்சிலுக்காக வாதாடினார். ராஸ்கில் 1977இல் ஒரு முழுப் புத்தகமே போட்டார். எதிராளியைப் புத்தகம் எழுத வைப்பதும் தாக்கம்தானே! பேரி காஃப் 2010இல் இவர்கள் இருவரையும் பற்றியே ஒரு நூல் எழுதியிருக்கிறார், அதிலிருந்து தொடங்கினால் வேலை பாதியாகும்.

செம்பவாங் வாசகன்:

நன்றி, இருவருக்கும். சிங்கப்பூர்ப் பகுதிக்கு?

அடிக்குறிப்பு:

அங்கே அவருடைய இடம் சிறியது, அதைப் பெரிதாக்கிக் காட்டாதீர்கள். இரண்டாம் உலகப் போர் ஆவணங்கள் 1972இல் மொத்தமாகத் திறக்கப்பட்டதும் பலர் ஒரே நேரத்தில் இறங்கினார்கள். தளத்தைப் பற்றி மெக்கின்டயர் 1979இல் எழுதினார், நீட்பாத், ஹாமில் இருவரும் 1981இல். அதனால் செம்பவாங் தளம், 1938இல் திறந்த உலர்துறை, 'கப்பற்படை சிங்கப்பூருக்கு வரும்' என்ற திட்டம் (போர் வந்தால் பிரிட்டனிலிருந்து கப்பற்படையை அனுப்புவது) எல்லாவற்றுக்கும் ஆய்வாளர்கள் முதலில் போவது அவர்களிடம்தான். (தளத்தில் உழைத்த தமிழர், மலையாளிகளை இந்த வரிசையில் தேடாதீர்கள். இவை உயர்மட்டக் கொள்கை பேசும் நூல்கள்.)

மார்டருக்கு உரிய இடம், பிரிட்டிஷ், ஜப்பானியக் கடற்படைகளை அக்கம்பக்கமாக வைத்துப் பார்த்ததும், 1941 டிசம்பர் 10 அன்று குவாந்தானுக்கு அப்பால் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் இரண்டும் மூழ்கிய கதையும். அதோடு கிறிஸ்டபர் பெல் 2001இல் எழுதிய கட்டுரையை ஒப்பிடுங்கள். அந்தக் கப்பல்களை அனுப்பியதில் சர்ச்சிலின் பங்கு எவ்வளவு, கடற்படைத் தலைமையின் பங்கு எவ்வளவு என்பதே அங்கு கேள்வி.

இரண்டு பொறிகள் உண்டு. பிரிட்டிஷ், ஜப்பானியக் கடற்படைகளை ஒப்பிடும் அந்த நூல், 'ஓல்ட் ஃப்ரெண்ட்ஸ், நியூ எனிமீஸ்', முதல் தொகுதி அவர் இறந்த பிறகு 1981இல் வந்தது. இரண்டாவதை (1990) ஜேக்கப்சனும் ஹார்ஸ்ஃபீல்டும் எழுதி முடித்தார்கள், அதிலுள்ள வாதத்தை முழுக்க மார்டர் தலையில் கட்டினால் மதிப்பெண் போகும். எஃப்டிஎஸ்எஃபில், ஜட்லண்ட் கடற்போர் (1916) பற்றிய 3ஆம் தொகுதிக்கு 1978இல் திருத்திய பதிப்பு உண்டு, பக்க எண் மாறும். விக்டோரியா ஸ்திரீட் லீ கொங் சியான் நூலகத்தில் உசாத்துணை நூல்களை இரவல் தர மாட்டார்கள். அங்கே பார்க்கும்போதே எந்த ஆண்டுப் பதிப்பு என்று தலைப்புப் பக்கத்தின் பின்புறம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.