நெய்சியாங் யாமென்: மண்டியிடும் கற்களில் எது வாதியுடையது?

கிழக்குவாசல்:
சீனாவின் ஹெனான் மாகாணத்து நெய்சியாங் யாமெனுக்கு (பேரரசுக் காலத்து மாவட்ட அதிகாரியின் அலுவலகமும் வழக்கு மன்றமும்) போனவர்கள் போடும் படங்களில் பாதிக்குக் குறிப்பு தலைகீழாக இருக்கிறது. பெரிய கூடத்துத் தரையில் பதித்த இரண்டு கற்களைத்தான் சொல்கிறேன். கிழக்கில் உள்ள சதுரக் கல் வாதிக்கு. மேற்கில் உள்ள நீளக் கல் பிரதிவாதிக்கு. ஒரே வழக்கில் பிரதிவாதிகள் பலர் இருக்கலாம், அதனால்தான் நீளம். கட்டடம் தெற்கு பார்த்தது. உள்ளே நுழையும் நமக்குக் கிழக்கு வலக்கைப் பக்கம், மேசைக்குப் பின்னால் உட்கார்ந்த அதிகாரிக்கோ இடக்கைப் பக்கம். இடது, வலது என்று எழுதாமல் திசையை எழுதுங்கள்.

பின்பக்கம்:
கல்லை விடுங்க. கூடத்துக்கு முன்னால் நிற்கும் தோரண வாயிலின் மறுபக்கத்தை யாருமே பார்ப்பதில்லை. வருகிறவர் கண்ணில் படுவது ‘நடுவுநிலையில் தெளிவு பிறக்கும்’ என்னும் பொருள் தரும் மூன்று சீன எழுத்து. கூடத்துப் படியேறித் திரும்பினால்தான் பதினாறு எழுத்து தெரியும்: “நீ வாங்கும் சம்பளம் குடிகளின் ஊனும் நிணமும், எளியவரை வதைப்பது சுலபம், வானத்தை ஏய்ப்பது அரிது.” அது நமக்கு எழுதியதே இல்லை. தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்தவர் தலை நிமிர்ந்தால் எதிரே தெரியட்டும் என்று வைத்தது.

பழங்கணக்கு:
‘1304-இல் கட்டிய கட்டடம்’ என்று இன்னும் எத்தனை பேர் எழுதுவீர்கள்? அது யுவான் அரசமரபின் காலத்தில் அலுவலகம் தொடங்கிய ஆண்டு. இப்போது நிற்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், குவாங்சூ பேரரசர் காலத்தில், சாங் பிங்தாவ் இங்கே அதிகாரியாக இருந்தபோது எழுப்பியது. அருங்காட்சியகம் ஆனது 1984-இல்.

துங்எண்ணெய்:
இந்தக் கட்டடங்களின் தூண்களில் நிறம் எப்படி நிற்கிறது என்று யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். வடசீன மரக் கட்டடங்களில் நல்ல தூண்களுக்கு ‘ஒரு நார், ஐந்து சாம்பல்’ முறை. சாம்பல் என்றால் அடுப்புச் சாம்பல் இல்லை, செங்கல் பொடி. பன்றி இரத்தம், சுண்ணாம்பு, மாவு, துங் எண்ணெய் (துங் மரத்து விதையில் ஆட்டுவது) சேர்த்துக் குழைப்பார்கள். முதல் பூச்சு வெடிப்புகளை அடைக்க, இரண்டாவது தூண் முழுக்க. அதன்மேல் சணல் நாரை மரத்தின் ரேகைக்குக் குறுக்கே ஒட்ட வேண்டும். ரேகையோடு ஒட்டினால் மரம் பிளக்கும்போது நாரும் சேர்ந்து பிளக்கும். பிறகு நாரை அமுக்கும் பூச்சு, நடுத்தரப் பூச்சு, நயப் பூச்சு. ஒவ்வொன்றும் காய்ந்தபின்தான் அடுத்தது. நயப் பூச்சைத் தேய்த்த கையோடு காய்ச்சாத துங் எண்ணெயை ஊற ஊறத் தடவ வேண்டும். தாமதித்தால் மயிரிழை வெடிப்பு விழும். ஈர மரத்தில் இதையெல்லாம் செய்தால் மொத்தமும் தோலாக உரிந்து வரும். அவசரக்காரர்கள் மரத்தின்மேல் நேரே எனாமல் அடிப்பது இதைவிட மோசம்.

கிழக்குவாசல்:
பேச்சு கல்லைப் பற்றி, அண்ணே! பழங்கணக்கு சொன்ன ஆண்டுக் கணக்கு சரி. முற்றத்து ஆறு அலுவலக அறைகளையும் திசை வைத்தே குறியுங்கள்: பணியாளர், வரி, சடங்கு கிழக்கில், படை, தண்டனை, கட்டுமானம் மேற்கில்.