பாமினி மாற்றி: எம்.ஐ.டி உரிமத்தில் ஒரு வரி சேர்க்கலாமா?

கொக்குவில் பெடியன்:
சித்தப்பாவுக்கு கஸ்தூரியார் வீதியில் சின்ன அச்சகம். பழைய அந்தியேட்டிக் கல்வெட்டு (இறந்தவர் நினைவாக அடிக்கும் சிறுநூல்) பைல்கள் எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் கிடக்கின்றன. அவருக்காக யுனிகோட் மாற்றி ஒன்று எழுதினேன். ‘எம்’ விசைக்கு ‘அ’ என்று அட்டவணை போட ஒரு பின்னேரம் போதும். கொம்புதான் உயிரை வாங்கியது. பாமினியில் அது எழுத்துக்கு முன்னால் நிற்கும், யுனிகோட்டில் பின்னால் போகவேண்டும். ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ மூன்றும் ஒரு கிழமையைத் தின்றன.

யோசிக்காமல் எம்.ஐ.டி உரிமத்தில் (யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று விடும் உரிமம்) கிட்ஹப் என்ற நிரல் பகிரும் தளத்தில் போட்டேன். இப்போது ஒரு செயலிக்காரர் அதையே காசுக்கு விற்கிறார். என் பெயர் எங்கும் இல்லை. “வர்த்தகத்துக்குப் பயன்படுத்தக்கூடாது” என்று உரிமத்தின் அடியில் ஒரு வரி சேர்த்தால் என்ன?

வண்ணைவாசி:
தம்பி, விற்றது பிழையில்லை, எம்.ஐ.டி அதற்கு இடம் கொடுக்கிறது. பெயரைத் தூக்கியதுதான் பிழை. பதிப்புரிமை வரியும் அனுமதி வாசகமும் எல்லாப் பிரதியிலும் இருக்கவேண்டும், அந்த உரிமம் கேட்பதே அவ்வளவுதான். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரலையும் பாதுகாக்கிறது. முதலில் அதைச் சொல்லி செயலிக்காரருக்கு எழுதும்.

நீர் சேர்க்கப்போகும் வரி சித்தப்பாவைத்தான் முதலில் பிடிக்கும். அவர் கல்வெட்டை இனாமாகவா அடிக்கிறார்? எந்தத் துறைக்கும் தடை போடக்கூடாது என்பது, எது திறமூல உரிமம் என்று சொல்லும் திறமூல வரையறையின் 6ஆம் விதி. ஜேசன் (JSON) என்ற மென்பொருள் உரிமத்தில் “நன்மைக்கே, தீமைக்கு அல்ல” என்று ஒரு வரி இருந்ததற்கே, லினக்ஸ் இயங்குதளம் வெளியிடும் டெபியன் குழு அதைத் தள்ளிவைத்தது.

சுன்னாகத்தான்:
உரிமத்தை மாற்றினாலும் ஏற்கெனவே வெளியிட்ட பதிப்பு எம்.ஐ.டி-தான், திருப்பி எடுக்க ஏலாது. அடுத்த பதிப்பை ஜி.பி.எல் 3 என்ற உரிமத்தில் விடலாம். விற்கட்டும், ஆனால் செயலியைப் பெறும் ஆளுக்கு மூலநிரலையும் கொடுக்கவேண்டும். செயலியைக் கொடுக்காமல் இணையத்தளத்தில் ஓடவிட்டு நழுவுவார்கள் என்றால், அதையும் பிடிக்கும் ஏ.ஜி.பி.எல் உரிமத்தைப் பாரும். ஜி.பி.எல் 3க்கு அடியில் சொந்தமாகத் தடை எழுதவேண்டாம், கையில் எடுப்பவர் அதை நீக்கலாம் என்று பிரிவு 7 சொல்கிறது.

கொக்குவில் பெடியன்:
நன்றி அண்ணைமார். சித்தப்பாவை நான் யோசிக்கவே இல்லை, வெட்கமாக இருக்கிறது. செயலிக்காரருக்கு நேற்று இரவு மின்னஞ்சல் போட்டுவிட்டேன். இரண்டாம் பதிப்பு ஜி.பி.எல் 3. ஒரு கம்பஸ் தம்பி முன்பு அனுப்பிய திருத்தமும் உள்ளே இருக்கிறது, அவரிடம் கேட்கவேண்டுமா?

சுன்னாகத்தான்:
அவரும் எம்.ஐ.டி-யில்தானே தந்தார்? அவருடைய அறிவிப்பை அப்படியே விட்டால் போதும். கேட்பது மரியாதை.

கொக்குவில் பெடியன்:
சரி, கேட்கிறேன். அப்புறம், ‘ஸ்ரீ’ இன்னும் உடைகிறது. நேரமிருந்தால் யாராவது பாருங்கோ.