வயலின் தனி வகுப்பு: காளவாசல் பக்கம் நல்ல இடம் சொல்லுங்களேன்

மதுரை மக்களுக்கு வணக்கம். 9 வயசு மகளுக்கு வயலின் கத்துக்கணும்னு ஒரே பிடிவாதம். காளவாசல், எல்லீஸ் நகர், பைபாஸ் ரோடு பக்கம் தனியா உட்கார வச்சு சொல்லித்தர்ற இடம் தெரிஞ்சா சொல்லுங்க.

போய்ப் பார்த்த ஒரு இடத்துல பேர்தான் தனி வகுப்பு. ஒரே ஹால்ல கீபோர்டு, கிட்டார், வயலின் எல்லாம் ஒண்ணா ஓடுது. ஆரம்பப் பாடமான சரளி வரிசை வாசிச்ச பையனுக்கு அவன் சுருதியே காதுல விழல. சாரோ போனும் கையுமா இருக்கார்.

கர்நாடகமா வெஸ்டர்னா என்பதுதான் பெரிய குழப்பம். கர்நாடகத்துல தரையில உட்கார்ந்து, வயலின் தலையைக் காலில் தாங்கி, தந்திகளை ச-ப-ச-பன்னு சுருதி கூட்டுவாங்க. வெஸ்டர்ன்ல நின்னு, தாடையில அணைச்சு வாசிக்கணும், தந்திகளுக்குச் சுருதி ஜி-டி-ஏ-இ. ஒண்ணுல பழகின கை இன்னொண்ணுக்கு மாற சிரமப்படாதா? ரெண்டும் தெரிஞ்சவங்க சொல்லுங்க. எனக்குக் கர்நாடகம் பக்கம்தான் சாய்வு.

எங்க போனாலும் முதல்ல டிரினிட்டி (லண்டன் டிரினிட்டி காலேஜ் நடத்துற இசைத் தேர்வு) கிரேடு சர்டிபிகேட் பத்தித்தான் பேச்சு. எனக்கு அந்த அவசரம் இல்லைங்க. சரளி, ஜண்டைன்னு கர்நாடக அடிப்படை வரிசைங்க ஒழுங்கா கைக்கு வந்தாப் போதும்.

வயலின் இன்னும் வாங்கல. அரை சைஸா முக்கால் சைஸான்னு அவ கையளவு பார்த்துச் சொல்ற ஆசிரியரா இருந்தா நல்லது. லீவு போட்ட வகுப்பை ஈடு கட்டுவாங்களா, ஃபீஸ் மாசக் கணக்கா வகுப்புக் கணக்கா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்க. உங்க பிள்ளைங்க இப்ப படிக்கிற இடம்னா ரொம்ப சந்தோஷம். விளம்பரம் மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.